அந்நியருக்கு வைத்தியம்: பிரிட்டிஷ் ஆஸ்பத்திரிகளின் கட்டணப் பிரச்னை

ஒரு தேசம் தன் மக்களின் வரிப் பணத்தைக் கொண்டு நடத்தும் ஆஸ்பத்திரியில், அந்த வரியைச் செலுத்தாத அந்நியர் ஒருவர் நோயுற்று வந்து படுத்தால், அவருக்குச் செய்யும் வைத்தியத்தின் செலவை யார் ஏற்பது என்ற கேள்வி, பார்வைக்கு ஒரு கணக்குப்பிள்ளை தீர்த்து வைக்கக்கூடிய சில்லறை விஷயமாகத் தோன்றினாலும், எழுபத்தைந்து வருஷங்களுக்கு மேலாக பிரிட்டனின் மந்திரிகளையும் நீதிபதிகளையும் டாக்டர்களையும் ஓயாமல் உபத்திரவப்படுத்தி வந்திருக்கிறது. இலவச வைத்தியத்தைத் தேசத்தின் தர்மமாகவே ஏற்றுக்கொண்ட நாடு அது என்பதால், கேள்வியின் எல்லாப் பக்கங்களும் அங்கே வெளிச்சத்துக்கு வந்துவிட்டன. நமக்கும் இதில் சம்பந்தம் உண்டு. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்ற டாக்டர்களும் நர்ஸுகளும் அந்த ஆஸ்பத்திரிகளிலே இரவு பகலாக உழைக்கிறார்கள். அவர்களைப் பார்த்துவரப் போகும் தாய் தந்தையர், அதே ஆஸ்பத்திரிகளில் கட்டணம் கேட்கப்படும் அந்நியர்களாக நிற்கிறார்கள்.

1948-ஆம் வருஷம் ஜூலை 5-ஆம் தேதி, மான்செஸ்டர் நகரத்தை அடுத்திருந்த பார்க் ஆஸ்பத்திரியில், தொழிற்கட்சி சர்க்காரின் சுகாதார மந்திரியாக இருந்த அன்யூரின் பெவன் தேசிய சுகாதார சேவையைத் தொடங்கி வைத்தார். அவர் வேல்ஸ் பிரதேசத்துச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகன். தாமும் சிறு வயதிலேயே சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்தவர். அவருடைய ஊரான டிரெடிகரில், தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து ஒரு பங்கைச் சேர்த்து நடத்திவந்த வைத்திய உதவிச் சங்கம் எவ்வாறு ஊரையே நோயின் பயத்திலிருந்து காத்தது என்பதை நேரில் கண்டவராதலால், அந்த ஏற்பாட்டைத் தேசம் முழுவதற்கும் விரிவாக்க வேண்டுமென்ற திடசித்தம் அவருக்கு இருந்தது. பணம் பொது வரியிலிருந்து வரும். நோயாளியிடம் சிகிச்சை வேளையில் யாரும் காசு கேட்கக் கூடாது. ஆரம்ப காலத்தில், வேறு தேசத்திலிருந்து வந்தவரும் இந்த விதிக்குள்ளேயே அடங்கினார்.

சண்டை உடனே தொடங்கிவிட்டது. மூக்குக் கண்ணாடிக்கும் பல் வைத்தியத்துக்கும் ஜனங்கள் திரண்டு வந்ததில், முதல் வருஷச் செலவு போட்ட மதிப்பீட்டைத் தாண்டிப் போயிற்று. அந்நியர்கள் கப்பலில் வந்திறங்கி இலவசமாகப் பல் கட்டிக்கொண்டு போகிறார்கள் என்ற புகாரைப் பத்திரிகைகள் பெரிதாக எழுதின. இந்தக் கூச்சலுக்கிடையே 1949-ஆம் வருஷத்தில் நிறைவேறிய திருத்தச் சட்டம், பிரிட்டனில் 'சாதாரண வாசம்', அதாவது வழக்கமான குடியிருப்பு, இல்லாதவர்களிடம் கட்டணம் வசூலிக்கும் அதிகாரத்தை மந்திரிக்கு அளித்தது. ஆனால் அந்த அதிகாரம் முப்பத்து மூன்று வருஷங்கள் ஏட்டிலேயே கிடந்தது. அதற்குக் காரணத்தை 1952-இல் வெளிவந்த தம் நூலில் பெவன் விளக்கியிருக்கிறார். அந்நியர் யார், உள்ளூரார் யார் என்று நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே ஒரு சிலரைப் பிரித்தெடுப்பதற்காக, வருகிற அத்தனை பேரிடமும் அத்தாட்சி கேட்க வேண்டிவரும். அந்நியர்மீது எழுந்த புகார் கடைசியில் சொந்த ஜனங்களின் தலையிலேயே தொல்லையாக விடியும் என்பது அவருடைய வாதத்தின் சாரம். வந்தவர்களும் அங்கே வாங்கும் சாமான்களின் மூலம் மறைமுக வரி கொடுக்கிறார்கள் என்பதையும் அவர் நினைவூட்டினார். பின்னால் நடந்த சம்பவங்களை அறிந்தவர்கள், இந்த வாதத்தின் தீர்க்கதரிசனத்தைக் கண்டு வியக்காமல் இருக்க முடியாது.

மார்கரெட் தாட்சரின் ஆட்சியில், நார்மன் ஃபௌலர் மந்திரியாக இருந்தபோது, 1982-ஆம் வருஷம் அக்டோபர் முதல் கட்டண விதிகள் அமலுக்கு வந்தன. அதே வருஷம் டிசம்பரில் பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் கொடுத்த ஒரு தீர்ப்பு, சாதாரண வாசம் என்பதற்கு எல்லை வகுத்தது. வழக்கு என்னவோ மாணவர்களின் கல்வி உதவித் தொகையைப் பற்றியது. வந்த பலனோ ஆஸ்பத்திரிகளுக்கு. ஒருவர் தாமாக விரும்பி, நிலையான ஒரு நோக்கத்தோடு, தம் வாழ்க்கையின் வழக்கமான ஒழுங்காக ஓரிடத்தில் சட்டப்படி வாழ்ந்தால், அந்தக் காலம் குறுகியதாயினும் நீண்டதாயினும் அவர் அங்கே சாதாரண வாசம் செய்கிறவரே என்று நீதிபதிகள் விசாலமான பொருள் கொண்டார்கள். இந்த விசாலத்தை 2014-ஆம் வருஷக் குடியேற்றச் சட்டம் குறுக்கிவிட்டது. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வந்தவர், காலவரையற்ற வாச உரிமை பெற்றால்தான் வைத்தியத்தின் பொருட்டு உள்ளூராராகக் கருதப்படுவார் என்றாயிற்று. அங்கே வேலை செய்து, வாடகை கொடுத்து, வரி கட்டி, குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பி வாழ்கிற ஒரு குடும்பம், இந்த ஒரே பிரிவினால் விருந்தாளியாக மாறிற்று.

இன்றைய ஏற்பாடு எவ்வாறு நடைபெறுகிறதென்பதைச் சற்றுக் கிட்டே நின்று பார்ப்போம். லண்டனில் ஈஸ்ட் ஹாம் பகுதியில் வசிக்கும் மகளைப் பார்க்க, தஞ்சாவூரிலிருந்து ஆறு மாத விசாவில் சென்ற ஒரு தாயாருக்கு நடுநிசியில் நெஞ்சு வலி கண்டது என்று வைத்துக்கொள்வோம். அவசர சிகிச்சைப் பிரிவில் அவரைப் படுக்க வைத்து, இ.சி.ஜி. எடுத்து, ரத்தம் சோதித்து, மருந்து கொடுப்பது வரையில் யாருக்கும் ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை. சட்டம் அந்தப் பிரிவை எல்லாருக்கும் இலவசமாக விட்டிருக்கிறது. விடியற்காலையில் டாக்டர் வந்து, இருதயத்தின் ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறது, உள்நோயாளியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறார். அந்த க்ஷணத்திலிருந்து, படுக்கை தள்ளிக்கொண்டு வரப்பட்ட தாழ்வாரத்தின் மறுகோடியிலிருந்து, கட்டணம் தொடங்கிவிடுகிறது. காலைப் பலகாரம் வந்து போன பிறகு, வெளிநாட்டு நோயாளர் விஷயங்களைக் கவனிக்கும் உத்தியோகஸ்தர் ஒருவர் கையில் ஒரு படிவத்துடன் கட்டிலருகே வந்து, பாஸ்போர்ட் எங்கே, விசா எத்தகையது, சென்ற பன்னிரண்டு மாதங்களாக எங்கே வசித்தீர்கள் என்று கேட்கிறார். அவர் மரியாதையாகத்தான் கேட்கிறார். மகள் தமிழில் எடுத்துச் சொல்லச் சொல்ல, அந்தத் தாயார் மூக்கில் பிராண வாயுக் குழாயோடு, பவுண்டை ரூபாயாக மாற்றி மனத்துக்குள் கணக்குப் போடத் தொடங்குகிறார். "இங்கே வேண்டாம் அம்மா, ஊருக்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். உயிருக்கு ஆபத்தான நிலையில் சிகிச்சையை மறுக்கவோ தாமதிக்கவோ சட்டம் இடங்கொடுக்கவில்லையாகையால் வைத்தியம் நடக்கும். பில் பின்னால் வரும். அந்த பில்லும் ஆஸ்பத்திரிக்கு உண்மையில் ஆகும் செலவுக்குரிய விகிதப்படி இராமல், 2015-ஆம் வருஷ விதிகளின்படி அதில் 150 சதவீதமாக இருக்கும். 500 பவுண்டுக்கு மேற்பட்ட தொகை இரண்டு மாதம் நிலுவையில் நின்றால் உள்துறைக்குத் தகவல் போகும்; அடுத்த முறை பேரக் குழந்தையைப் பார்க்க விசா கேட்டால் அது மறுக்கப்படலாம்.

இந்த ஒன்றரை மடங்கு எவ்வாறு வந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. முன்பெல்லாம் ஓர் ஆஸ்பத்திரி, நோயாளி அந்நியர் என்று கண்டுபிடித்தால், உள்ளூர் நோயாளிக்காகப் பொதுப் பணத்திலிருந்து நிச்சயமாகக் கிடைத்திருக்கும் தொகையை இழந்து, வசூலாகுமோ ஆகாதோ என்ற ஒரு கடனைச் சம்பாதித்துக்கொண்டது. அந்நியரைக் கண்டுகொள்ளாமல் இருப்பதே ஆஸ்பத்திரிக்கு லாபம். இந்த விபரீதத்தைத் திருத்துவதற்காகவே, கண்டுபிடிக்கும் ஆஸ்பத்திரிக்கு அதிகம் கிடைக்கும்படி விகிதத்தை உயர்த்தினார்கள். நிர்வாக ரீதியில் இது புத்திசாலித்தனமான ஏற்பாடுதான் என்பதை மறுக்கவில்லை. ஆயினும், நோயாளியைக் கவனிக்க வேண்டிய ஸ்தாபனத்துக்கு அவருடைய பூர்வோத்தரத்தை விசாரிப்பதில் பண ஆசையை உண்டாக்குவது, வைத்தியத்தின் இயல்புக்கு ஒத்த காரியமா என்ற கேள்வி எஞ்சியே நிற்கிறது.

கட்டணம் வேண்டுமென்பவர்களின் வாதத்தை அலட்சியப்படுத்துவது நியாயமாகாது. ஒவ்வொரு மாதமும் தம் சம்பளத்தில் பிடித்தம் கொடுத்து, முழங்கால் அறுவை சிகிச்சைக்காக வருஷக்கணக்கில் காத்திருக்கும் ஒரு பஸ் டிரைவர், யாரோ ஒருவர் வந்திறங்கிய மறுவாரமே சிகிச்சை பெற்றுப் போனார் என்று கேள்விப்பட்டால் மனம் கொதிப்பது இயற்கை. 2023-இல் இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்குக் காத்திருப்போர் பட்டியல் 70 லட்சத்தைத் தாண்டி நின்றது. பொதுப் பணத்தில் நடக்கும் எந்த ஏற்பாடும், அதைக் கொடுப்பவர்களின் சம்மதத்தினாலேயே நிலைக்கிறது. தாங்கள் ஏமாற்றப்படுகிறோம் என்ற எண்ணம் அவர்களிடையே பரவினால், அந்த சம்மதம் கரைந்து, அதனோடு ஏழைகளின் வைத்தியமும் கரைந்து போகும். வைத்தியத்துக்கென்றே திட்டமிட்டு வருகிறவர்களும் இருக்கத்தான் இருக்கிறார்கள். எத்தனை பேர், எவ்வளவு பணம் என்பதில்தான் கூச்சலுக்கும் கணக்குக்கும் வெகு தூரம்.

2013-இல் சுகாதார இலாகா ஏற்பாடு செய்த ஆராய்ச்சி, வந்துபோகும் அந்நியர்கள், தாற்காலிகமாகக் குடியேறியவர்கள், மாணவர்கள் எல்லாருக்குமாகச் சேர்த்து வருஷத்துக்குச் சுமார் 200 கோடி பவுண்டு செலவாகலாம் என்று மதிப்பிட்டது. பத்திரிகைகள் இந்தத் தொகையைக் கொட்டை எழுத்தில் போட்டன. ஆனால் இலவச வைத்தியம் பெறுவதையே நோக்கமாகக் கொண்டு வருகிறவர்களால் ஆகும் செலவு 6 கோடி முதல் 8 கோடி பவுண்டு வரையில் இருக்கலாம் என்பதே அதே ஆராய்ச்சியின் மதிப்பீடு. மீதித் தொகையில் பெரும்பகுதி, அங்கே படித்துக்கொண்டும் வேலை செய்துகொண்டும் வரி கொடுத்துக்கொண்டும் இருந்தவர்களைச் சேர்ந்தது. வருஷத்துக்கு 50 கோடி பவுண்டு வசூலிப்பதென்று சர்க்கார் குறிக்கோள் வைத்துக்கொண்டது. 2015-16-இல் வசூலுக்கென்று கணக்கில் வந்தது 28.9 கோடி, அதிலும் 16.4 கோடி விசாவோடு முன்கூட்டியே வாங்கிய சுகாதார மேல்வரி என்று தேசியத் தணிக்கை அலுவலகம் காட்டிற்று. ஆண்டொன்றுக்கு 10,000 கோடி பவுண்டுக்கு மேல் செலவாகும் சேவையில் இந்தத் தொகை ஆயிரத்தில் மூன்று பங்குக்கும் குறைவு. படுக்கையருகே படிவத்தை நீட்டிச் சேர்த்ததைவிட, விசா விண்ணப்பத்தோடு ஓசையின்றி வந்து சேர்ந்த பணமே அதிகம் என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். என்னுடைய அபிப்பிராயத்துக்கு ஆதாரம் அதுவே.

ஆனால் அந்த மேல்வரியும் நாளடைவில் நியாயத்தின் கரையைக் கடந்துவிட்டது. 2015-இல் தொடங்கியபோது தலைக்கு வருஷத்துக்கு 200 பவுண்டு, 2019-இல் 400, 2020-இல் 624, 2024 பிப்ரவரி முதல் 1,035. குழந்தைகளுக்கும் மாணவர்களுக்கும் 776. கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் அடங்கிய குடும்பம் மூன்று வருஷ விசாவுக்கு விண்ணப்பித்தால், விசாக் கட்டணம் நீங்கலாக, இந்த ஓர் இனத்துக்கே 10,866 பவுண்டு முன்பணமாகக் கட்ட வேண்டும். போய்ச் சேர்ந்த பிறகு அவர்களுடைய சம்பளத்தில் வருமான வரியும் தேசிய இன்ஷூரன்ஸும் மற்றவர்களுக்குப் போலவே பிடிக்கப்படுகின்றன. ஒரே சேவைக்கு இரண்டு தரம் விலை. கொள்ளை நோய்க் காலமாகிய 2020-இல், நோயாளிகளைக் காப்பாற்றுவதற்காகத் தங்கள் உயிரைப் பணயம் வைத்துக்கொண்டிருந்த வெளிநாட்டு டாக்டர்களும் நர்ஸுகளும், தாங்கள் வேலை செய்கிற ஆஸ்பத்திரியை உபயோகிப்பதற்கே மேல்வரி கட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது வெளியில் தெரிந்தபோது தேசமே வெட்கப்பட்டது. மேல்வரி நீடிக்கும் என்று பார்லிமெண்டில் வாதாடிய பிரதம மந்திரி போரிஸ் ஜான்சன், மறுநாளே பின்வாங்கி, சுகாதார ஊழியர்களுக்கு விலக்கு அளிக்க நேர்ந்தது. அவர்களுக்கு விலக்கு நியாயமானால், பள்ளிக்கூடத்து உபாத்தியாயருக்கும் சமையற்காரருக்கும் எஞ்ஜினீயருக்கும் மட்டும் அது எவ்வாறு நியாயமாகாது என்பதற்கு இன்றளவும் விடை இல்லை.

இதைவிடக் கவலைக்குரியது வேறொன்று. 2017 அக்டோபர் முதல், அவசரமல்லாத சிகிச்சைக்கு முன்பணம் வாங்கிய பிறகே வைத்தியம் தொடங்க வேண்டுமென்று இங்கிலாந்தின் ஆஸ்பத்திரிகளுக்குச் சட்டம் கட்டளையிட்டது. பெவன் எச்சரித்தது அப்படியே பலித்தது. 1950-களிலும் 60-களிலும் கரீபியன் தீவுகளிலிருந்து பிரிட்டிஷ் பிரஜைகளாகவே வந்து, அங்கேயே உழைத்து முதுமையடைந்தவர்களுள் பலர், கையில் காகிதம் இல்லாத ஒரே காரணத்தால் அந்நியர்களாக நடத்தப்பட்டார்கள் என்ற செய்தி 2018-இல் வெளிப்பட்டது. நாற்பது வருஷங்களுக்கு மேல் லண்டனில் வாழ்ந்து வரி கட்டிய ஒருவரிடம், புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தொடங்குமுன் 54,000 பவுண்டு கேட்டார்கள். பணமும் இல்லை, சிகிச்சையும் இல்லை என்று அவர் வீட்டில் இருக்க வேண்டியதாயிற்று. பத்திரிகைகளும் பார்லிமெண்டும் தலையிட்ட பிறகே அவருக்கு வழி பிறந்தது. அந்நியர்களைத் தடுப்பதற்காகப் போட்ட வேலியில் அகப்பட்டவர் உள்ளூரார்.

தொற்று நோய்களைப் பொறுத்தவரையில் சர்க்காரே நல்லறிவுடன் விலக்கு வைத்திருக்கிறது. க்ஷயரோகத்துக்கும், 2012 முதல் எச்.ஐ.வி.க்கும், பின்னர் கொரோனாவுக்கும் யாரிடமும் கட்டணம் இல்லை. ஒருவர் வீட்டில் மறைத்து வைக்கும் க்ஷயரோகம் அந்தத் தெருவையே தொடரும் என்பது தெரிந்த விஷயம். ஆனால் இருமலோடு வீட்டில் கிடப்பவருக்குத் தம் வியாதி க்ஷயரோகம் என்று எவ்வாறு தெரியும்? அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர். அந்த டாக்டரிடம் போவதற்கே பில்லும் உள்துறையும் பயமுறுத்துகின்றன. பிரசவ சிகிச்சையை எப்போதும் அவசரமாகவே கருத வேண்டும், பணமில்லையென்று தள்ளக் கூடாது என்று விதி இருக்கிறது. கட்டணம் மட்டும் உண்டு. அந்தக் கட்டணத்துக்கு அஞ்சி, கர்ப்பிணிகள் மாதப் பரிசோதனைக்கு வராமல் வலியெடுத்த பிறகு வருவது, தாய்க்கும் சிசுவுக்கும் எத்தகைய ஆபத்து என்பதை விவரிக்க வேண்டியதில்லை. 2018 டிசம்பரில், உள்நோய் மருத்துவர்கள், குழந்தை வைத்தியர்கள், மகப்பேற்று மருத்துவர்கள் ஆகியோரின் ராயல் கல்லூரிகளும், பொதுச் சுகாதார நிபுணர்களின் அமைப்பும் ஒன்றுசேர்ந்து, இந்த விதிகளால் விளையும் தீங்கை ஆராய்ந்து முடிக்கும் வரையில் அவற்றை நிறுத்தி வைக்குமாறு கேட்டன. விதிகள் நிற்கவில்லை.

மற்ற தேசங்களின் அனுபவத்தையும் சுருக்கமாகப் பார்ப்போம். ஸ்பெயின் 2012-இல், பொருளாதார நெருக்கடியின் நிர்ப்பந்தத்தால், அனுமதியின்றி வசிப்பவர்களைப் பொது வைத்தியத்திலிருந்து விலக்கிற்று. பல பிரதேச சர்க்கார்கள் அதற்கு இணங்க மறுத்தன. 2018-இல் மத்திய சர்க்காரே மனம் மாறி உரிமையைத் திருப்பி அளித்தது. பிரான்ஸில் மூன்று மாதங்களுக்கு மேல் வசித்த ஏழை அந்நியருக்கு, அவரிடம் குடியேற்றக் காகிதம் இல்லாவிட்டாலும், தனி நிதி ஒன்றிலிருந்து வைத்தியம் நடக்கிறது. ஒவ்வொரு தேர்தலிலும் அதை ஒழிக்க வேண்டுமென்ற குரல் எழுந்தும் இன்னும் நிலைத்திருக்கிறது. மலேசியாவில் சர்க்கார் கிளினிக்கில் பிரஜைக்கு ஒரு ரிங்கிட். அந்நியத் தொழிலாளிக்கு அதைப்போல் பன்மடங்கு.

பிரிட்டிஷ் வாதங்களில் பெரும்பாலும் மறக்கப்படும் ஓர் உண்மையும் உண்டு. ஸ்பெயினிலும் பிரான்ஸிலும் வெயிலைத் தேடிக் குடியேறிய பிரிட்டிஷ் பென்ஷன்காரர்கள் ஏராளம். 2014-15-இல், ஐரோப்பிய நாடுகள் பிரிட்டிஷ்காரர்களுக்குச் செய்த வைத்தியத்துக்காக பிரிட்டன் சுமார் 67 கோடி பவுண்டு கொடுத்தது. ஐரோப்பியர்களுக்குத் தான் செய்த வைத்தியத்துக்காகப் பெற்றது சுமார் 5 கோடி. அங்கே எந்த முதியவரின் கட்டிலருகிலும் யாரும் பில்லோடு போய் நிற்கவில்லை. இரண்டு சர்க்கார்கள் தங்களுக்குள் கணக்குத் தீர்த்துக்கொண்டன. நோயாளி படுத்திருக்க, கணக்கை வேறிடத்தில் தீர்க்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்க்கையில் எனக்குத் தோன்றும் முடிவு இது. குறுகிய காலத்துக்கு வந்துபோகும் விருந்தாளியிடம் வைத்தியச் செலவைப் பெறுவது அநியாயமன்று. ஆனால் அதைப் பெற வேண்டிய இடம் விசா அலுவலகமே அன்றி ஆஸ்பத்திரி வார்டு அன்று. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள், 30,000 யூரோ வரையில் வைத்தியச் செலவை ஏற்கும் இன்ஷூரன்ஸ் இல்லாமல் விசாவே கொடுப்பதில்லை. பிரிட்டனோ இன்ஷூரன்ஸைக் கட்டாயமாக்காமல் வரவிட்டுப் பிறகு படுக்கையில் மடக்குகிறது. விருந்தாளிக்கு நியாயமான பிரீமியத்தில் கட்டாய இன்ஷூரன்ஸை ஏற்படுத்தி, வரி கட்டி வாழ்பவர்களுக்கு மேல்வரியை நீக்கி, தொற்று நோயோடு பிரசவத்தையும் எல்லாருக்கும் இலவசமாக்கினால், வசூல் குறையாது; நர்ஸும் டாக்டரும் எல்லைக் காவலர் வேலையிலிருந்து விடுபடுவார்கள். காகிதமற்ற ஏழைகளின் செலவு மிஞ்சும். அதை அந்தப் பெரிய பொக்கிஷம் தாங்கும், தாங்கத்தான் வேண்டும்.

சட்டம் திருந்தும் வரையில், பிள்ளைகளைப் பார்க்க லண்டனுக்குப் புறப்படும் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பயண இன்ஷூரன்ஸ் எடுக்காமல் விமானம் ஏறாதீர்கள். எடுக்கும்போது சர்க்கரை வியாதி, ரத்தக் கொதிப்பு, பழைய இருதய நோய் எதையும் மறைக்காமல் எழுதுங்கள். முன்பே இருந்த வியாதிகளுக்கு ஈடு உண்டா, எவ்வளவு வரையில் என்று பாலிசியில் பார்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். மலிவான பாலிசிகள் பலவற்றில் அந்த வியாதிகளுக்கு ஈடு கிடையாது.